மறுப்பு நாற்காலி

அந்த நாற்காலியை யாரும் தேடி வாங்கவில்லை. துறையின் ஆண்டு விழாவுக்கு வாடகைக்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்று, திரும்பிப் போகும் வண்டியில் ஏறாமல் தங்கிவிட்டது. சிவப்பு நிறம். வலது கைப்பிடியில் நீளமாக ஒரு விரிசல். அசந்தால் சட்டையைக் கவ்விக்கொள்ளும். பேராசிரியர் தில்லைநாயகம் அதை ஆய்வுக்கூடத்து மேசையின் தலைமாட்டில் போட்டார். கூடவே ஒரு விதியும் போட்டார்.

புதன்கிழமைக் கூட்டத்தில் முறை வைத்து ஒருவர் அதில் உட்கார வேண்டும். உட்கார்ந்தவர், யார் எதைச் சொன்னாலும் மறுக்க வேண்டும். தன் மனசுக்குச் சரியென்று பட்டதையும் மறுக்க வேண்டும். எழுந்த பிறகு, அதில் இருந்தபடி பேசியதை யாரும் அவர் மேல் சாட்டக் கூடாது. வாதத்தில் தோற்றவர் மாடிப்படி இறங்கிப் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வர வேண்டும்.

மனிதர்கள் ஒரு விஷயத்தில் எப்படி ஒத்துப்போகிறார்கள், அறிவியலாளர்கள் எப்படி ஒத்துப்போகிறார்கள், அந்த ஒப்புதலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் திருநெல்வேலியில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தின் வேலை. ஒத்துப்போவதைப் படிக்கிறவர்கள் ஒத்தூதிகளாகிவிடக் கூடாது என்று பேராசிரியருக்குக் கவலை. அதற்காகத்தான் நாற்காலி.

கோவில்பட்டிக்காரியான செண்பகவல்லிக்கு அதில் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளுடன் ஒரே ஆண்டில் ஆய்வுக்குச் சேர்ந்த இன்னாசியோ, பிறந்ததே அந்த நாற்காலியில்தான் என்பதுபோல் சாய்ந்துகொள்வான். கூத்தன்துறை என்ற கடற்கரை ஊர் அவனுக்கு. முறை வராத வாரங்களில் அடுத்தவர் முறையையும் கேட்டு வாங்கிக்கொள்வான்.

செண்பா தன் முதல் அத்தியாயத்தை வாசித்த அன்றும் அவன்தான் உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரும் ஒத்துக்கிட்டா அது உண்மைக்குப் பக்கத்துல இருக்குன்னு எழுதியிருக்கே செண்பா. எங்க ஊர்ல எல்லாரும் ஒருமனசாக் கூடிப் பேசித்தான் எங்க அக்காவுக்கு மாப்பிள்ளை பாத்தாவ. மச்சானுக்குப் படகுல ஏறினாலே வாந்தி வரும்."

"ஒரு மச்சானை வச்சு ஒரு கோட்பாட்டையே கவுக்கப் பாக்கியா?"

"ஒரு மச்சானே கவுத்துருவாருன்னா அது என்ன கோட்பாடு?"

"ஊர்ல மிச்ச மாப்பிள்ளைமாருக்கும் வாந்தி வருதான்னு கணக்கெடுத்துட்டு வா. ஒருத்தரை வச்சுப் பேசினா அது வாதம் இல்லலே, வம்பு."

மேசை முழுக்கச் சிரித்தது. இன்னாசி மேலே பார்த்தான், கீழே பார்த்தான், பிடரியைச் சொறிந்தான். பிறகு எழுந்தான்.

"சரி. டீ வாங்கிட்டு வாறேன்."

'நீ சொன்னது சரி' என்று அவன் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. தோற்றால் இந்த ஒரு வரிதான். தூக்குவாளியோடு அவன் படியிறங்கும் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது செண்பாவுக்குப் பிடிக்கும். எதற்காகப் பிடிக்கும் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

அந்த வருடங்களில்தான் இசைவு மன்றங்கள் ஊர் ஊராகப் பரவின. அணை வேண்டுமா, ஆலை வேண்டுமா, தடுப்பூசி போடலாமா என்று ஊர் இரண்டுபடும் எதுவும் மன்றத்துக்கு வரும். வல்லுநர்களும் ஊர்க்காரர்களும் பேசுவதையெல்லாம் இசைவி என்ற இயந்திரம் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரே கருத்தை இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாவிட்டால் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லும். சுவரில் உள்ள முள், ஒப்புக்கொண்டவர்களின் அளவைக் காட்டும். தொண்ணூறைத் தாண்டினால் அதுவே முடிவு. மறியலும் மண்டை உடைப்பும் குறைந்தன என்பது உண்மை. மக்களுக்கு மன்றம் பிடித்துப்போனது.

எதிர்த்துப் பேச ஒருவரை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தால், வருகிற முடிவை மக்கள் கூடுதலாக நம்புகிறார்கள் என்று செண்பாவின் ஆய்வு சொன்னது. அது அரசின் காதுக்குப் போனது. ஒரு புதன்கிழமை பேராசிரியர் முகமெல்லாம் பல்லாக உள்ளே வந்தார்.

"நம்ம நாற்காலி மன்றத்துக்குப் போகுதும்மா. எல்லா ஊருக்கும்."

"நாற்காலி போகும் சார். அத்தனை ஊருக்கும் இன்னாசிக்கு எங்க போறது?" என்றாள் செண்பா.

"ஒரு இன்னாசி போதும். இவ்வளவு வருஷமா இந்த ரூம்ல பேசினதெல்லாம் பதிவாகியிருக்கே. அதை வச்சு ஒரு இயந்திரத்தைப் பழக்கு. அவனை மாதிரியே யோசிக்கட்டும், அவன் குரல்லயே மறுக்கட்டும். என்னப்பா, சம்மதமா?"

"எனக்குக் கிழடு தட்டினாலும் என் சத்தம் மட்டும் எளந்தாரியா இருக்கும். கசக்குதா என்ன?" என்றான் இன்னாசி. "ஆனா ஒண்ணு செண்பா, என்னைவிட அழகாப் பேசினா நான் பொறாமைப்படுவேன்."

அதற்கு மறுப்பி என்று பெயர் வைத்தார்கள். அந்த மழைக்காலம் முழுவதும் செண்பா காதில் ஹெட்போன் மாட்டி, அவனுடைய தர்க்கங்களையும் கிண்டல்களையும் செருமல்களையும் இயந்திரத்துக்கு ஊட்டினாள். பக்கத்து மேசையில் நிஜ இன்னாசி வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பான். "நான் இங்கனதான இருக்கேன், என்கிட்ட நேரடியாக் கேட்டாத்தான் என்ன?" என்பான்.

மறுப்பி எல்லா ஊர்களிலும் பேசத் தொடங்கிய பிறகு, ஒருநாள் கேன்டீன் வேப்பமரத்தடியில் அவன் மெல்ல ஆரம்பித்தான்.

"செண்பா, உன் ஆய்வுல மக்கள் எவ்வளவு நம்புதாவன்னு அளந்தே. முடிவு மாறுதான்னு அளந்தியா?"

"அது என் கேள்வியே இல்லையே."

"நான் பாத்தேன். மறுப்பி பேசின மன்றத்துல ஒண்ணுலகூட முடிவு மாறல. நம்பிக்கைதான் ஏறியிருக்கு."

"மறுப்புல சத்து இருந்திருக்காது."

"எல்லா ஊர்லயுமா? பிள்ளைக்குக் கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வைக்காவல்லா, அதைப் போலத்தான் நடக்கு. பொட்டு வச்சாச்சு, இனி எந்தக் கண்ணும் படாதுன்னு தைரியமாத் தூக்கிட்டுக் கெளம்பிருதாவ." டம்ளரைக் கீழே வைத்தான். "அதுக்கு ஒத்துக்கிடத் தெரியுமா?"

"தெரியும். பதில் நெசமாவே கெலிச்சா ஒத்துக்கும். அப்படித்தான் பழக்கியிருக்கேன்."

"இதுவரைக்கும் ஒத்துக்கிட்டிருக்கா?"

செண்பா யோசித்தாள். "நேரம் முடிஞ்சுரும். தலைவர் 'பதில் சொல்லியாச்சு'ன்னு முடிச்சு வச்சுருவாரு."

"அப்ப, ஒரு ஊர்லகூட யாரும் அதுக்குப் பதில் சொல்லல."

கடைசி அத்தியாயத்தில் பார்க்கலாம் என்றாள். அவன் அவளை ஒரு நொடி பார்த்தான். பிறகு பேச்சை வேர்க்கடலைக்கு மாற்றினான்.

அடுத்து மன்றம் கூடியது கூத்தன்துறையில்.

அங்கே கரையைக் கடல் அரிக்கிறதென்று, கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டியிருந்தார்கள். தூண்டில் முள்ளைப் போல வளைந்து கடலுக்குள் நீளும் இரண்டு கற்சுவர்கள். நடுவில் படகுகள் போய்வர ஒரு வாய். அந்த வாயை ஆடி மாதக் காற்றுக்காலத்திலும் திறந்து வைக்கலாமா என்பது கேள்வி. அந்தப் பருவத்தில் தொழில் இல்லாமல் கிடந்த ஊருக்கு அது பெரிய ஆசை. வல்லுநர்கள் கணித்துப் பார்த்து, திறக்கலாம் என்றார்கள். மணல் சேராதா என்று மறுப்பி கேட்டது. ஆண்டுச் சராசரியில் சேருவது கொஞ்சம்தான் என்றார்கள். பதில் சொல்லியாச்சு என்று தலைவர் முடித்து வைத்தார். கடைசி ஒப்புதலுக்கு ஒரு வாரம் தவணை இருந்தது.

அந்த வாரத்துப் புதன்கிழமை, கூட்டம் தொடங்கிய பிறகு இன்னாசி உள்ளே வந்தான். ஊரிலிருந்து பஸ் பிடித்து நேராக வந்திருந்தான். கால்சட்டை ஓரத்தில் மணல் காய்ந்திருந்தது. அன்று நாற்காலி முறை இன்னொரு ஆய்வு மாணவி ஹபீபாவுடையது. அவள் விடுப்பு. அறையில் காலியாக இருந்தது அந்தச் சிவப்பு நாற்காலி ஒன்றுதான். அவன் அதில் உட்கார்ந்தான்.

உட்கார்ந்ததும் பேசினான். "கூத்தன்துறையில வாயைத் திறக்கக் கூடாது. சராசரின்னு சொல்லுதாவ. மணல் சராசரியா நகராது. வருஷம் பூரா சும்மா கெடந்துட்டு, ஆடியில ஒரே மூச்சுல தெக்கே இருந்து கெளம்பி வரும். தெக்குச் சுவர் நீளம் கூட. அதைச் சுத்திக்கிட்டு வந்து நேரா வாய்ல படுத்துக்கிடும். மேலே இருந்து பாத்தா தண்ணிதான் தெரியும், அடியில திட்டு. பெரிய அலை அதுல தட்டி ஒடையும். அந்த நேரம் வாய்க்குள்ள எந்தப் படகு இருக்கோ, அது கவுந்துரும்."

மேசையில் விரலால் சுவரையும் அலையையும் வரைந்து காட்டினான். அவ்வளவு அழகாக அவன் ஒருநாளும் மறுத்ததில்லை. முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். செண்பாவும் தட்டினாள்.

"பிரமாதம்லே."

"நான் வெளையாடல செண்பா."

சிரிப்பு வெடித்தது. 'நான் வெளையாடல' என்பது அந்த நாற்காலியில் அவன் காலகாலமாகப் போடும் துருப்புச்சீட்டு. அவன் சட்டென்று எழுந்தான். கைப்பிடி விரிசல் சட்டையைக் கவ்வியது. தையல் பிரிந்து சர்ரென்று சத்தம் கேட்டது. இன்னும் சிரித்தார்கள்.

"நல்ல மறுப்புப்பா," என்றார் பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா இதைத்தான் மறுப்பி போன வாரமே கேட்டு, பதிலும் வந்தாச்சே."

"அது என் சத்தம் சார். நான் இல்ல."

அவன் செண்பாவைப் பார்த்தான். அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினான். சாயங்காலம் தலை வலித்தபோதுதான், அன்று யாரும் டீ குடிக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

மறுநாள் அவன் தன் மறுப்பை முறைப்படி இசைவிக்கு அனுப்பினான். பதில் உடனே வந்தது. அதை அப்படியே செண்பாவின் கைபேசிக்குத் திருப்பிவிட்டான்: 'இந்த மறுப்பு ஏற்கெனவே எழுப்பப்பட்டு, பதிலளிக்கப்பட்டது. புதிய சான்று இருப்பின் சமர்ப்பிக்கலாம்.' கீழே அவன் எழுதியிருந்தான்: 'என்னையே என் முன்னால நிறுத்திக் கதவைச் சாத்திட்டுது.'

அவள் ஒரு கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் பதில் தட்டினாள்: 'அப்போ புதுச் சான்று கொண்டா.'

அவன் கொண்டுவரப் போனான்.

ஆடி பிறந்து வாய் திறந்தது. தண்ணீருக்கு அடியில் ஆழம் பார்க்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, அக்காள் புருஷன் ததேயுவின் ஃபைபர் படகில் இன்னாசி ஏறினான். படகில் ஏறினால் வாந்தி எடுக்கும் அதே மச்சான். வாந்தி எடுத்துக்கொண்டே இத்தனை வருடமாகக் கடலுக்குப் போகிறவர். இரண்டு சுவருக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாகப் போய் அளந்தார்கள். கருவி, அளந்ததை அந்தந்தக் கணமே கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. திரும்பும்போது, காலடியில் தரை எழும்பினாற்போல ஓர் அலை நிமிர்ந்து உடைந்தது. படகு புரண்டது. அதன் விளிம்பு இன்னாசியின் தலையில் அடித்ததை ததேயு பார்த்தார். பிடிக்கப் போனார். கை எட்டவில்லை.

செண்பாவுக்கு ஊரிலிருந்து செய்தி வருவதற்கு முன் இசைவியிலிருந்து செய்தி வந்தது. உடன் ஆய்வாளர் என்று அவள் பெயரையும் அவன் சேர்த்திருந்தான். 'புதிய சான்று ஏற்கப்பட்டது. நன்றி.' அவள் அதைப் படித்து, தனியாகச் சிரித்துக்கொண்டாள். விடாக்கண்டன், ஜெயிச்சுட்டான் என்று நினைத்தாள். இன்றைக்கு டீ நம் பாடு என்றுகூட நினைத்தாள்.

அடக்கம் முடிந்த ஏழாம் நாள், அவள் கூத்தன்துறைக்குப் போய் இன்னாசியின் அக்காள் பிலோமியைப் பார்த்தாள். வீட்டு வாசலில் ஈரவலை உலர்ந்துகொண்டிருந்தது. ததேயு உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அக்கா, மன்றத்துல பேசுற அந்த இயந்திரத்துல இருந்து அவன் குரலை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கேன். உங்க கையெழுத்தும் வேணும்."

பிலோமி கையை நீட்டவில்லை. முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"எடுக்காத தங்கச்சி."

"அக்கா..."

"பக்கத்து ஊர்ல மன்றம் கூடினா நான் பஸ் ஏறிப் போயி கடைசி பெஞ்சுல உக்காருதேன். அவிய ரோட்டைப் பேசட்டும், பள்ளிக்கூடத்தைப் பேசட்டும், எனக்கென்ன தெரியும்? நடுவுல ஒருவாட்டி செருமுவாம்லா, அது போதும். அதையும் அமத்திட்டா நான் எங்க போயிக் கேக்க?"

செண்பா எழுதிக் கொண்டுவந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவன் அளந்த ஆழங்கள் புதிய சான்று என்பதால் மன்றம் மறுபடியும் கூடியது. மாதா கோயில் பங்கு மண்டபம் வாசல் வரை நிறைந்திருந்தது. வாயை உடனே மூட வேண்டும், தெற்குச் சுவரின் நுனியைக் குறைக்க வேண்டும் என்பது தீர்மானம். அநேகமாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். போன முறை சராசரி சொன்ன வல்லுநரே எழுந்து தலை குனிந்தார். முள் தொண்ணூற்றெட்டில் நின்றது. இன்னாசி பிழைத்திருந்தால் இந்த நாளைப் பார்த்திருப்பான் என்று யாரோ சொல்ல, பெண்கள் பக்கம் விசும்பல் எழுந்தது.

தலைவர் சொன்னார்: "விதிப்படி மறுப்பைக் கேக்கணும். பதில் சொல்ல ஆள் இல்லன்னா தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். அதுவரை வாய் தொறந்துதான் இருக்கும்."

அப்போதுதான் செண்பாவுக்குப் புரிந்தது. ஊர் எந்தப் பக்கம் நிற்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பேசுவதுதான் மறுப்பியின் வேலை. ஊர் இன்று இன்னாசியின் பக்கம் நிற்கிறது.

ஒலிபெருக்கி செருமியது. கடைசி பெஞ்சில் பிலோமி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எல்லாரும் வருத்தத்துல இருக்கீங்க," என்றது இன்னாசியின் குரல். "அதனாலதான் கேக்குதேன். கவுந்தது ஒரு படகு. செத்தது ஒரு ஆளு. ஒருத்தரை வச்சுப் பேசினா அது வாதம் இல்ல, வம்பு."

செண்பா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் சொன்ன வரி. சொன்ன அன்று மேசை முழுக்கச் சிரித்த வரி.

"அன்னைக்குக் காத்து பலம். சுவரே இல்லாத காலத்துலயும் அந்த அலை அந்தப் படகைக் கவுத்திருக்கலாம். நீங்க சான்றைப் பாத்து ஒத்துக்கிடல, சாவைப் பாத்து ஒத்துக்கிட்டீங்க. அவன் உயிரோட கரையேறி இதே ஆழத்தைக் காட்டியிருந்தா, ஒருத்தராவது பாத்திருப்பீங்களா?"

யாரோ, "நிறுத்துங்கய்யா அதை," என்றார்கள். வல்லுநர் மேசையில் ஒருவரும் தலை தூக்கவில்லை. செண்பா எழுந்தாள்.

"பாத்திருக்க மாட்டோம்," என்றாள். "நீ கேக்குறது நியாயம். அவன் உயிரோட, என் முன்னால உக்காந்து சொன்னப்போ நான் கைதட்டினேன். ஆனா, நாங்க பாக்காம இருந்ததுனால தண்ணிக்கு ஆழம் கூடிடாது. அழுதுக்கிட்டே பாத்ததுனால குறைஞ்சும் போகாது."

"அப்ப சாவு சான்று இல்லங்கியா?" என்றது குரல்.

கடைசி பெஞ்சை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் வராது என்று தெரியும்.

"இல்ல. அவன் செத்தது சான்று இல்ல. அவனைக் கணக்குல இருந்து எடுத்துரு. அவன் போகவே இல்ல, படகு கவுழவே இல்ல, பத்திரமா வீட்டுல இருக்கான்னு வச்சுக்கோ. கருவி அளந்ததை மட்டும் எடு. காத்து தொடங்குறதுக்கு முன்னால வாய்ல மூணு ஆள் ஆழம் இருந்துச்சு. இப்ப இடுப்பளவு. காத்துக்கு அலையைத் தூக்கத்தான் தெரியும், தரையைத் தூக்கத் தெரியாது. அடுத்த படகுல யாரு போனாலும் அந்தத் திட்டு அங்கதான் கெடக்கும். இதுக்கு ஒரு ஆளும் சாக வேண்டியதில்லை. ஒருத்தர் குனிஞ்சு பாத்திருந்தாலே போதும்."

அவனை அவளே கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள். அவனை ஜெயிக்க வைக்க அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் கேட்டது. மேலே பார்க்கிறான், கீழே பார்க்கிறான், பிடரியைச் சொறிகிறான் என்று செண்பா நினைத்தாள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, முடித்து வைக்க வாயெடுத்தார்.

"சரி," என்றது குரல். "டீ வாங்கிட்டு வாறேன்."

மண்டபத்தில் சலசலப்பு. இரண்டொருவர் சிரித்தார்கள். இயந்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த இளைஞன் பதறி எழுந்தான். "மன்னிக்கணும், ஏதோ கோளாறு. இத்தனை மன்றத்துல இப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை." சுவரில் முள் நூறைத் தொட்டது. தீர்மானம் நிறைவேறியது. வாய் அன்றே மூடப்பட்டது.

கூட்டம் கலைந்த பிறகும் கடைசி பெஞ்சில் பிலோமி அசையாமல் இருந்தாள். செண்பா போய்ப் பக்கத்தில் நின்றாள். பிலோமி அவளைப் பார்க்கவில்லை. வெயில் கொட்டிக் கிடந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரு தங்கச்சி," என்றாள். "வாறேன்னான்லா. கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போவோம்."